உலை பொங்கப் போகுது: கிறீன் பாத் நடைபாதையில் வாங்கிய ஒரு படம்

இரண்டு பெண்கள் ஒரே உரலில் மா இடிக்கிறார்கள். இரண்டு பேருடைய உலக்கையும் தலைக்கு மேலே நிற்கிறது. சிவப்புச் சீலை, கொண்டை நிறைய மல்லிகை, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் வேலியோடு சாத்தி வைத்திருந்தார்கள். விலை 55,000 ரூபாய். நிறங்கள் நல்லாத்தான் இருந்தன. ஆனாலும் நான் வாங்கவில்லை.

சோடி சேர்ந்து இடிக்கிறவர்களின் உலக்கை இரண்டும் ஒன்றாக ஏறாது. ஒன்று ஏற மற்றது உரலுக்குள் இறங்கும். ஒன்றாக ஏறினால் ஒன்றாகத்தான் இறங்கும். உரல் வாயில் முட்டுப்பட்டு யாருடைய விரலாவது நசுங்கும். அந்தப் படத்தை வரைந்தவர் மா இடிக்கிற இடத்தில் ஒரு நாளும் நின்றிருக்கமாட்டார்.

நான் நின்றிருக்கிறேன். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஊறப்போட்ட அரிசியை வடித்து, உரல் ஆடாமல் அடியில் சாக்கை மடித்து வைத்து, அம்மாவும் பெரியம்மாவும் காப்பை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுத் தொடங்குவார்கள். நான் அரிதட்டோடு பக்கத்தில் இருப்பேன். அரித்தால் மா கீழே விழும், கப்பி தட்டில் நிற்கும். கப்பி திரும்ப உரலுக்குள் போகும். அரைவாசியில் கை மாற்றுவார்கள். கதை நிற்காது, உலக்கையும் நிற்காது. பிறகு மாவை வறுக்கவேண்டும், அதுக்கு விறகு வேண்டும், புகைக்குள் குனிந்து இருக்கவேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிட்டு என்ற பேச்சே வரும். அப்படி வளர்ந்து, கொழும்புக்கு வந்து, 28 வருஷம் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். படம் பார்க்கத் தெரியும் என்று சொல்லமாட்டேன். வேலை பார்க்கத் தெரியும். கிராமத்துப் பெண்கள் வேலை செய்கிற படம் ஒன்றைப் பார்த்தால் நான் கேட்கிறது ஒரே கேள்விதான்: இவள் இப்படியே செய்துகொண்டு போனால் இந்த வேலை முடியுமா?

கடைசியில் நான் வாங்கிய படம் அந்தக் கேள்விக்கு நின்றது. அதைப் பற்றியும், அதுக்குப் பிரேம் போடப் போய்ப் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதுகிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையைப் பழைய ஆக்கள் இன்னும் கிறீன் பாத் என்றுதான் சொல்வார்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்து வீதி. தேசிய கலாபவனமும் இங்கேதான். வருஷத்தின் முதல் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதி முழுக்கக் கலா பொல என்ற ஓவியச் சந்தை நடக்கும். ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரில் உள்ள மன்றம் 1993 இல் தொடங்கியது அது. அன்றைக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலும் இருந்து ஓவியர்கள் வந்துவிடுவார்கள், சனநெரிசலில் ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நிற்க முடியாது. சாதாரண நாள்களில் நடைபாதையில் படம் வைத்து விற்பவர்களிடம் ஆறுதலாகப் பார்க்கலாம். நான் போனது ஒரு புதன்கிழமை பின்னேரம். வெயில் சாய்ந்த பிறகு போங்கள். உச்சி வெயிலில் எல்லா நிறமும் வெளிறித் தெரியும்.

வீதிக்குப் பெயர் தந்த ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தவர். சட்டி பானை, பாய், துணி என்று அன்றாடம் புழங்குகிற பொருளைச் செய்தவர்களைக் கலைஞர்களாக மதித்து எழுதியவர். அவர் பெயருள்ள வீதியில் நின்று தேங்காய் திருவுகிற திருவலையில் ஒரு பெண் இருக்கிற படத்தை வாங்கினேன் என்பதில் எனக்குச் சந்தோஷம் உண்டு.

யானை, கண்டிப் பெரஹரா ஊர்வலம், கடலில் நட்ட கம்பில் இருந்து மீன் பிடிக்கிற ஸ்டில்ட் மீனவர், புத்தர் முகம், முகமூடி. நடைபாதையில் இவைதான் அதிகம். பெண்கள் என்றால் குடத்தோடு போகிறவர்கள், கொழுந்து பறிக்கிறவர்கள். குடத்தோடு போகிற பெண்களின் இடுப்பைத்தான் எல்லாரும் கவனமாக வரைகிறார்கள். நிறைந்த குடம் இடுப்பில் இருந்தால் உடம்பு மற்றப் பக்கம் சாயும், அந்தக் கை விலகித் தொங்கும், கழுத்து நரம்பு தெரியும். படத்துக் குடங்களில் தண்ணீரே இல்லை. கொழுந்துக் கூடையும் அப்படித்தான்: தலையில் மாட்டிய கயிறு நெற்றியை அழுத்தவேண்டாமா? ஒருத்தியின் நெற்றியிலும் கயிறு அழுந்தவில்லை.

பதினைந்து இருபது பேரைக் கடந்த பிறகு, ஒரு மரத்தடியில் நிலத்தில் விரித்த பிளாஸ்டிக் தாளில் இது கிடந்தது. 24க்கு 18 அங்குலம், கன்வஸில் எண்ணெய் வண்ணம்.

ஒரு பெண் குசினியில் தேங்காய் திருவுகிறாள். அவ்வளவுதான் படம். மண் சுவர், ஒரு சின்ன யன்னல், விடிகாலை வெளிச்சம். நான் முதலில் பார்த்தது அவள் இருந்த இருப்பை. திருவலையில் இருக்கிறது ஒரு கணக்கு. பலகையில் பின்னுக்குத் தள்ளி இருந்தால் முன்பக்கம் எழும்பும். முன்னுக்கு வந்தால் அலகு தொடையில் படும். உங்கள் உடம்புப் பாரம்தான் திருவலையைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தப் பெண் ஒரு காலை மடித்து, மற்றக் காலை நீட்டி, பாரம் முழுவதையும் பலகையின் நடுவில் போட்டிருக்கிறாள். சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகியிருக்கிறாள். இடது உள்ளங்கை சிரட்டையின் முதுகைத் தாங்குகிறது, வலது கை விளிம்பைச் சுழற்றுகிறது. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. வலது தோள் இறங்கியிருக்கிறது. அமத்துகிற கை அதுதான்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவள் தேங்காயைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அடுப்பைப் பார்க்கிறாள். அடுப்பில் சோற்றுப்பானை, மூடியின் ஒரு பக்கத்தை நுரை தூக்குகிறது. இன்னும் வழியவில்லை. இன்னும் நாலு தரம் சிரட்டையைச் சுழற்றிவிட்டு எழும்பலாமா, இப்பவே எழும்பவேண்டுமா என்ற அந்தப் பார்வை. கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது.

அதிலேயே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த அத்தனை பெண்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஒரு வேலையில் கை, இன்னொன்றில் கண், மூன்றாவதில் காது. பிள்ளை அழுகிறதா, மாடு கத்துகிறதா, தபால்காரனின் மணி கேட்கிறதா. ஓவியர்கள் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு ஒரு வேலைதான் கொடுக்கிறார்கள், அவளும் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள், பூசை செய்கிறவள் மாதிரி.

ஒல்லாந்து ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலண்டரிலும் சொக்லேட் பெட்டியிலும்கூட வந்த படம். 1660 அளவில் வரைந்தது, ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 45.5க்கு 41 சென்ரிமீற்றர்தான், நான் வாங்கியதைவிடச் சின்னது. அவள் குனிந்து பாலைத்தான் பார்க்கிறாள். ஆனால் அங்கே அது சரி. மெல்லிய நூலாக விழுகிற பாலைப் பார்க்காமல் ஊற்ற முடியாது. சாடியின் பாரத்தைக் கீழே இருந்து ஏந்துகிற மற்றக் கையையும் பாருங்கள். 2022 இல் அந்த அருங்காட்சியகத்தார் படத்தை அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது, பின்சுவரில் சாடிகள் தொங்கும் பலகை ஒன்றையும் நிலத்தில் நெருப்புக்கூடை ஒன்றையும் அவர் முதலில் வரையத் தொடங்கி, பிறகு நிறம் பூசி மறைத்தது தெரிய வந்தது. குசினிச் சாமான்களைக் குறைத்துக் குறைத்துத்தான் அந்த அமைதியை எடுத்திருக்கிறார்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 இல் காட்சிக்கு வைத்த கதிர் பொறுக்கும் பெண்களும் எனக்குப் பிடிக்கும். மூன்று பேர். இரண்டு பேர் குனிந்து பொறுக்குகிறார்கள், மூன்றாமவள் அரைவாசி நிமிர்ந்து நிற்கிறாள். குனிகிறவளில் ஒருத்தி பொறுக்கியதைப் பிடித்த கையை முதுகில் மடித்து வைத்திருக்கிறாள். வயலில் அரை நாள் குனிந்தவர்களுக்கு அந்தக் கை ஏன் முதுகுக்குப் போகிறது என்று சொல்லத் தேவையில்லை. மில்லே கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ்நாட்டில் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜாவின் படங்களை நாங்கள் எல்லாரும் கைபேசியில் பகிர்ந்திருக்கிறோம். குசினி வாசலில் சாய்ந்து விழுகிற வெயில், பித்தளைப் பானை, பாவாடை கட்டிய பிள்ளைகள். 2021 ஜூனில் கொவிட் அவரைக் கொண்டுபோனது. அந்த வெளிச்சம் அந்த வீடுகளுக்குள் இருந்தவருக்குத்தான் தெரியும். ஒரேயொரு மனக்குறை எனக்கு உண்டு: அவருடைய பெண்கள் பல பேர் வேலை முடிந்து ஆறியிருக்கிறார்கள், அல்லது இன்னும் தொடங்கவில்லை. எனக்கு வேலையின் நடுவில் பிடிபட்டவள் வேண்டும்.

பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் மன்றமாக இருக்கிறது. 1943 இல் கொழும்பில் சேர்ந்த 43 குழு ஓவியர்களின் படங்கள் அங்கே உண்டு. ஒரு படம் வாங்குமுன் அங்கே ஒரு தரம் போய் வாருங்கள். நல்ல படத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தவருக்கு நடைபாதையில் எது ஓவியம், எது நிறம் பூசிய துணி என்று சட்டென்று பிடிபடும்.

திருவலைப் படத்துக்கு வருகிறேன். வரைந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். குருநாகல் பக்கம். நான் சிங்களத்தில் கேட்டேன், யாரைப் பார்த்து வரைந்தீர் என்று. "அம்மாவை" என்றார். நான் திருவலை என்றேன், அவர் ஹிரமணய என்றார். அவருடைய அம்மா நாளுக்கு எத்தனை தேங்காய் திருவுவா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதை ஒரு நாளும் எண்ணவில்லை ஆன்ட்டி. ஆனால் சத்தம் ஞாபகம் இருக்கிறது, அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் எழும்புவோம்" என்றார். எங்கள் வீட்டிலும் அதே சத்தத்துக்குத்தான் எழும்பினோம்.

விலை 42,000 சொன்னார். நான் பேரம் பேசவில்லை. கன்வஸ், சாயம், எண்ணெய், மூன்று கிழமை வேலை, குருநாகலில் இருந்து பஸ் செலவு. கணக்குப் பார்த்தால் ஒரு மேசன் பாஸின் நாட்கூலிகூட அவருக்கு மிஞ்சாது.

குறைகளையும் சொல்லவேண்டும். நீட்டிய காலின் பாதம் சரியில்லை. விரல்கள் ஒட்டிப்போய் மாவில் பிடித்தது மாதிரி இருக்கின்றன. கையை அவ்வளவு நுட்பமாக வரைந்தவருக்குப் பாதத்தில் பொறுமை போய்விட்டது. புகையை வெள்ளையாகவே பூசியிருக்கிறார். விறகுப் புகை அந்த வெளிச்சத்தில் நீலமாகத்தான் தெரியும். கையெழுத்தைச் சிவப்பில், அடுப்பு நெருப்பைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார். இதையும் அவரிடமே சொன்னேன். அடுத்ததில் சின்னதாகப் போடுகிறேன் என்றார், முகம் சுழிக்கவில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கன்வஸில் அச்சடித்த படத்தின் மேல் நிறமில்லாத பசையைத் தூரிகையால் இழுத்து, கையால் வரைந்தது என்று விற்பவர்களும் உண்டு. படத்தைச் சரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உண்மையில் வரைந்ததென்றால் தூரிகைத் தடம் உருவத்தோடு போகும், கன்னத்தில் வளையும், சீலை மடிப்பில் இறங்கும். அச்சென்றால் தடம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். கைபேசியில் கிட்டக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினால் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரியும்.

இனிப் பிரேம் கதை. படத்தைத் தரும்போதே தம்பி சொன்னார்: மேலே தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே ஈரம், ஆறு மாதத்துக்கு வார்னிஷ் பூசவேண்டாம், கண்ணாடி போடவேண்டாம். நான் அதை அப்படியே வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு பிரேம் கடையில் சொன்னேன். ஓம் ஓம் என்றார்கள். நாலு நாள் கழித்து எடுக்கப் போனால், பொன்னிறப் பூவேலைப் பிரேம், அதுக்கு மேல் கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் தூசி பிடிக்கும் மேடம் என்று எனக்கே வகுப்பு எடுத்தார்கள். நானும் அன்றைக்கு அவசரத்தில் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 8,500 ரூபாய்.

இரண்டு கிழமையில் கண்ணாடிக்கு உட்பக்கம் ஆவி படிந்தது. நாங்கள் இருக்கிறது கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி; காற்றே உப்பும் ஈரமும்தான். கண்ணாடிக்கும் கன்வஸுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட விடவில்லை. அவளுடைய வலது தோளில் சாயம் தடிப்பாக இருந்த இடம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது அந்த இடம் நசிந்து மினுங்கிப்போனது. இறங்கின தோள் என்று நான் மேலே எழுதினேனே, அந்தத் தோள்தான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புறக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடையை ஒரு தோழி சொன்னா. வயதான ஐயா ஒருவர், தனி ஆள். படத்தைத் தொடுமுன் கையைத் துடைத்தார். முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தொய்ந்திருந்த கன்வஸை மூலைகளில் மர ஆப்பு வைத்து இறுக்கினார். துருப்பிடித்திருந்த ஆணிகளைக் கழற்றி, கடற்கரை வீட்டுக்கு இரும்பு வேண்டாம் என்று செம்பு ஆணி அடித்தார். கண்ணாடி இல்லை. பூவேலை இல்லாத, கறுத்தத் தேக்கு நிறத்தில் மெல்லிய சட்டம். பின்னால் நாலு மூலையிலும் றப்பர்த் துண்டு ஒட்டினார், சுவரில் முட்டாமல் காற்றுப் போகட்டும் என்று. மேற்குச் சுவரில் மாட்டாதேங்கோ பிள்ளை, மழைக்கு அந்தச் சுவர்தான் முதலில் ஊறும் என்றும் சொன்னார். 6,000 ரூபாய். நசிந்த இடத்தைத் தான் தொடமாட்டேன், வரைந்தவரிடமே காட்டுங்கோ என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இனி எல்லாப் படத்தையும் அவரிடம்தான் கொண்டுபோவேன்.

குசினியில் மாட்ட ஆசைதான், எண்ணெய்ப் புகை பிடிக்கும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கிழமையில் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வருகிற அக்கா மஸ்கெலியாப் பக்கம். தும்புத்தடியோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தா. "மிஸ், இந்தம்மா தேங்காய பாக்கல. சோறு பொங்குதுன்னு அங்கிட்டு பாக்குது" என்றா. பிறகு கூட்டத் தொடங்கிவிட்டு, அறைக்குள் இருந்து, "பக்கத்துல ஒரு ஆளு இருந்தா மூடியத் தூக்கி விட்டுருக்கும்" என்றா. நான் அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அந்தக் குசினியில் வேறு யாரும் இல்லை என்பது அதுவரைக்கும் என் கண்ணில் படவில்லை.

அம்மாவுக்கு 83 வயது. ஒரு கண்ணில்தான் பார்வை தெளிவு. கதிரையை இழுத்துப்போட்டுப் படத்துக்குக் கிட்ட இருத்தினேன். இருப்பைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. சட்டிக்குள் விழுந்த தேங்காய்ப்பூவை விரலால் காட்டினா.

"உதில கறுப்பு விழுந்து கிடக்கு, பாத்தியோ?"

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தேங்காய்ப்பூவின் மேல் மண்ணிறத்தில் நாலைந்து சின்னத் தீற்றல். சாயம் தவறி விழுந்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"சிரட்டை தெரியமட்டும் திருவுறாள்" என்றா அம்மா. "வீட்டில மற்றத் தேங்காய் இல்லைப் பிள்ளை."

அடுத்த புதன்கிழமை தோளைத் திருத்துவிக்கப் படத்தைக் கொண்டு கிறீன் பாத்துக்குப் போகிறேன். அந்தத் தீற்றலைத் தம்பி தெரிந்துதான் வைத்தாரா என்று கேட்கவேண்டும்.